வெறுங்காலோடு வந்தவர்கள்

புலம்பெயர்ந்த தமிழர்கள் நிறைந்த டோர்செட் பார்க்கில், பதினோராம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் காலை வெயில் விழுகிறது. அரசியல்வாதிகள் சொல்வது உண்மையா என்று தேடிப்பார்த்து எழுதுவது அட்சயாவின் வேலை. இன்றைக்கு அவளுடைய கணினியில் ஒரு வேட்பாளர் பரப்பிய படம் நிற்கிறது. தலையில் சுமையும் வெறுங்காலுமாக ஒரு கூட்டம் தெருவை நிறைத்து வருகிறது. "பேப்பர் இல்லாமல் எல்லை தாண்டி வருகிறார்கள். எங்கிருந்தென்று யாருக்குத் தெரியும்?" என்று கீழே எழுதியிருக்கிறார். மத்தியானத்துக்குள் பதில் போகவேண்டும். அவள் படத்தைப் பெருப்பிக்கிறாள். சுமையெல்லாம் மஞ்சள் துணி கட்டிய பித்தளைக் குடங்கள். தேத்தண்ணியோடு வந்த அம்மா குனிந்து பார்க்கிறார், கோப்பை தளும்புகிறது.

"உது நானெல்லே! போன கிழமை எங்கடை கோயில் பாற்குடம்!"

அட்சயா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கிறாள். பிறகு விரல்களைக் கணினியின் விசைகளின் மேல் வைக்கிறாள். "வடிவாச் சொல்லுங்கோ அம்மா, எழுதவேணும். எங்கையிருந்து வந்தனீங்கள்?"

அம்மா நைற்றியின் கழுத்தை இழுத்துவிட்டு, பேட்டி கொடுப்பவர்போல நிமிர்கிறார். "உந்தக் கீழ் பஸ் ஸ்ரொப்பிலையிருந்து. பஸ் பிந்தினதாலைதான் நான் பின்வரிசை எண்டும் எழுது, பிள்ளை."