கழுத்தில் ஓட்டை

வேட்டைக்குப் பயன்பட்ட பழைய மரவாத்துகளைச் சேர்க்கிற ஒருத்தர் வீட்டு அலமாரியில், மிஷினில் கடைந்த பளபள வாத்துதான் முன்வரிசை. ஒருநாள் அவர் அதைப் பின்னால் தள்ளிவிட்டு, கையால் செதுக்கின ஒரு கிழட்டு வாத்தை அங்கே வைத்தார். பளபள வாத்துக்கு வயிறு எரிந்தது.

"யோவ் பெருசு, கழுத்தெல்லாம் ஓட்டை! நம்மள ஏரியில மிதக்கவிடுறதே நிஜ வாத்த ஏமாத்தி இறக்கத்தானே? நீ எத்தனைய ஏமாத்தின?"

"ஒண்ணுகூட இல்லப்பா."

"அப்புறம் எதுக்குய்யா முன்வரிசை?"

"என்னை மிதக்கவிட்ட வேட்டைக்காரனே ஏமாந்துட்டான். நிஜ வாத்துன்னு நினைச்சு என்னையே சுட்டான். சத்தம் கேட்டு, இறங்க வந்த வாத்தெல்லாம் பறந்து தப்பிச்சிடுச்சு."

அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த தன் வழவழக் கழுத்து, முதல் தடவையாகப் பளபள வாத்துக்கு மொட்டையாகத் தெரிந்தது.