பற்றிமா குசினி

சுஜிந்தன் இன்றைக்கும் ஆட்டுக்கறிக் கோப்பையைத் தாயின் பக்கம் தள்ளி வைத்தான். "நை தாக்" என்றான். வேண்டாம் என்பதைக்கூட டேனிஷில் சொல்லிவிட்டு, வெறும் சோற்றையும் பருப்பையும் பிசைந்தான்.

வேறு நாளாக இருந்தால் பற்றிமா பூரித்துப் போயிருப்பாள். நத்தார்ப் பண்டிகைக்கு முதலே இறைச்சியை விட்டவன், வெள்ளி தவிர்ந்த நாட்களில் வீட்டில் கறி காய்ச்சினாலும் தவக்காலம் முழுக்கவும் தொடவில்லை. டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா, பங்குச் சுவாமியாரிடம்கூட இந்த ஒறுத்தல் இல்லையே என்று கோயில் வாசலில் நாலு பேரிடம் சொல்லியும் இருந்தாள்.

இன்று அவளுக்குப் பூரிக்க மனமில்லை. அழுகையும் வரவில்லை. காலையிலிருந்து நெஞ்சு மரத்துப்போய்க் கிடந்தது. கைபேசியை ஆயிரம் தரம் திறந்து பார்த்துவிட்டாள். 'பற்றிமா குசினி' என்ற அவளுடைய சமையல் பக்கத்தைக் காணவில்லை.

பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்துத் தோள்மூட்டு போனபிறகு அவளைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பக்கம்தான். றோல்ஸ், பற்றிஸ், கட்லட் என்று படம் படமாகப் போட்டாள். ஒடென்சேயிலிருந்தும் ஓல்போர்க்கிலிருந்தும் ஓடர் வந்தது. உயிர்த்த ஞாயிறு விருந்துக்குச் சொல்லி வைத்தவர்களின் பெயர், விலாசம் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவளுக்குக் கடையுமில்லை, பெயர்ப்பலகையுமில்லை. பக்கம் போனால் பற்றிமாவும் போனமாதிரித்தான்.

"ஆரோ எரிச்சலிலை றிப்போட் பண்ணியிருக்கினம்," என்றார் கணவர் சூசைதாசன். "உந்தக் கமலாதேவியாத்தான் இருக்கும். அவவும் இப்ப றோல்ஸ் போடுறா எல்லே?"

"அவ ஏனப்பா அப்பிடிச் செய்யிறா? போன கிழமையும் என்னட்டை வந்து பற்றிஸ் வாங்கிக்கொண்டு போனவ."

"அப்ப புதுசா ஒண்டைத் திறவும்."

"என்ரை பேரிலை இனித் திறக்க விடமாட்டினமாம்."

"கொம்பனிக்காரரைக் கேளுமன்."

"ஆரைக் கேக்கிறது? ஒரு நம்பர் இல்லை, ஒரு ஆள் இல்லை. எத்தினை தரம் எழுதினாலும் ஒரே பதில்தான் வருது."

அந்தப் பதிலை அவள் இன்னொரு தரம் வாசித்தாள். அவள் கடைசியாகப் போட்ட வீடியோ கொடூரமான வன்முறையைக் காட்டுகிறதாம். அவர்களின் ஆட்கள் பார்த்துத்தான் முடிவெடுத்தார்களாம். அந்த முடிவு மாறாதாம். உலகம் முழுக்கப் பேச வைக்கிற கொம்பனி, அவளோடு பேசத்தான் ஆளில்லாமல் இருந்தது.

வீடியோ என்னவோ ஆட்டிரத்தத்தை வதக்கிச் செய்கிற வறைதான். தவக்காலம் முழுக்க நாக்கை அடக்கிக்கொண்டிருக்கும் யாழ்ப்பாணத்துச் சனத்தைச் சுண்டி இழுக்கலாம் என்று போட்டாள். தட்டம் நிறைய உறைந்த இரத்தம், அதைக் கீறித் துண்டு போடுகிற கத்தி, முழங்கை வரை இரண்டு கை. முகம் காட்டினால் நாவூறு படும் என்று கையை மட்டும்தான் எடுத்தாள். தொழிற்சாலையில் இரத்தத்துக்குள்ளேயே நின்று வேலை செய்தவளுக்கு, அதைப் பார்த்து மற்றவர்கள் மிரளக்கூடும் என்று தோன்றவேயில்லை.

சுஜிந்தன் தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போக எழும்பினான். அவனுக்கு வேலை நேரம். கதவைப் பூட்டிக்கொண்டு ஏதோ கணினி வேலை. என்ன வேலையென்று வீட்டிலும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வீட்டில் தமிழ் கதைக்கப் பஞ்சிப்படுகிறவனுக்குத் தமிழ் தெரியும் என்பதால்தான் அந்த வேலையே கிடைத்தது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லை என்று பற்றிமா அதையும் நாலு பேரிடம் சொல்லியிருந்தாள்.

"தம்பி, நீ கொம்பியூட்டரோடையே இருக்கிறனி. எனக்காக ஒருக்கா அவங்களுக்கு எழுதிப் பார் மோனை. அம்மான்ரை பக்கத்தைத் தூக்கிப்போட்டாங்கள்."

அவன் கதவடியில் நின்று திரும்பினான். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எந்த வீடியோவுக்காக என்று டேனிஷில் கேட்டான்.

நல்லவேளையாக அது கைபேசியில் இருந்தது. பற்றிமா ஓட விட்டு நீட்டினாள். அவன் முதலில் வேறு பக்கம் பார்த்தான், பிறகு பார்த்தான். கத்தி இரத்தத்துக்குள் இறங்கியதும் அவன் விரல் தன்பாட்டில் எழும்பி, எதையோ அழுத்தப் போய் நடுவில் நின்றது.

திரையை விட்டுவிட்டுத் தாயின் மணிக்கட்டைப் பார்த்தான். எண்ணெய் தெறித்த பழைய தழும்பு அங்கே இருந்தது. வீடியோவிலும் இருந்தது.

"என்ன தம்பி? உனக்குத் தெரிஞ்ச ஆரும் அந்தக் கொம்பனியிலை இருக்கினமோ? பற்றிமா குசினி எண்டு பேரைச் சொன்னால் கண்டுபிடிப்பினம்தானே?"

"பேர் வராது." இந்த முறை தமிழில் சொன்னான். "வீடியோ மட்டும்தான் வரும். ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாக் கனக்க வரும். சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் பாக்கிறது."

"ஆருக்கு வரும்?"

சுஜிந்தன் கைபேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தான். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தழும்பையே பார்த்தபடி நின்றான்.

"நான்தானம்மா அழிச்சனான். உங்கடை கையெண்டு தெரியேல்லை."