மாப்பிள்ளை வைத்த பாஸ்வேர்டு

பாட்டு பாதியில் நின்று, ஸ்டூடியோ ஸ்பீக்கர் ஊமையானது.

“யாரோ இன்டர்நெட் வழியா நம்ம ஒலிபரப்புப் பெட்டிக்குள்ள புகுந்துட்டான் சார். நீங்க வச்ச பாஸ்வேர்டைச் சொல்லுங்க” என்றார் இன்ஜினியர்.

ரேடியோ முதலாளியின் மாப்பிள்ளையான மேனேஜர் நெளிந்தார். “அதை எப்படிய்யா வாயால சொல்றது?”

“சத்தம் வெளிய போகாத ரூம் சார் இது!”

மேனேஜர் கதவை உள்தாழிட்டார். “சிடுமூஞ்சி மாமனார், ஒண்ணு ரெண்டு மூணு.”

உடனே போன் அடித்தது. மாமனார்.

“மாப்பிள்ளை, நீங்க பேசறதெல்லாம் ரேடியோவுல வந்துட்டிருக்கு.”

மைக் திறந்திருந்தால் ஸ்பீக்கர் தானாக ஊமையாகிவிடும் என்பது இன்ஜினியருக்கு அப்போதுதான் உறைத்தது. புகுந்தவன் திறந்துவிட்டது மைக்கைத்தான்.

“இப்பவே பாஸ்வேர்டை மாத்திடறேன் மாமா!”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நாளைக்கு வர்ற புது மேனேஜர் மாத்திக்குவார்.”