துரை வீட்டுத் தள்ளுவண்டி

வெள்ளைக்காரர்கள் ஆதிக்கம் செலுத்திய காலம். சீனர்களின் ஊரான ஷாங்காயில், ஆற்றங்கரைப் பூங்காவுக்குள் சீனர்கள் நுழையக் கூடாது. வெள்ளைக்காரக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் சீன ஆயா மட்டும் நுழையலாம். அவ்வளவு பெரிய மனசு. துரை குடும்பம் குழந்தையோடு மலைக்குப் போயிருந்த வாரம், ஆயா சியூயிங் அந்தத் தள்ளுவண்டியில் தன் மகனைப் படுக்கவைத்தாள். சின்ன துரையின் லேஸ் தொப்பியை மாட்டி, கொசுவலையை இழுத்துவிட்டாள்.

“கண்ணு காட்டிக்கொடுத்துடும். நான் சொல்ற வரைக்கும் திறக்காதடா.”

வாசலில் சீக்கியக் காவலாளி எட்டிப் பார்த்தான். “தூங்குறாரா?”

“ஆமாங்க.”

உள்ளே எல்லா பெஞ்சிலும் வெள்ளைக்காரர்கள். வலையை விலக்க ஒரு மறைவுகூடக் கிடைக்கவில்லை. ரோஜாப் பாத்திகளைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு வெளியேறினாள்.

சந்துக்குள் திரும்பியதும் வலையை நீக்கினாள். பையன் கண்களை இன்னும் இறுக்கி மூடியிருந்தான்.

“இப்பத் திறக்கட்டுமாம்மா? பூங்கா வந்துடுச்சா?”