படுத்தால் இயல்பு

ஓட்டுநரே இல்லாத பேருந்திலும் நடத்துநர் நின்றுகொண்டுதான் போக வேண்டும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, வண்டி குலுங்கும்போதெல்லாம் நடத்துநர் செண்பகவல்லிக்குச் சிறுநீர் கசிந்தது. உட்கார்ந்து பார்க்கும் வேலை கேட்டுப் பணிமனையின் மருத்துவ அறைக்கு வந்திருந்தாள். அங்கே மருத்துவர் கிடையாது. தீர்ப்புச் சொல்வது ஸ்கேன் கட்டில்தான்.

படுத்தாள். இடுப்புக்குள் சிறுநீரை அடக்கும் தசையைக் கட்டில் அளந்தது.

"தசை இயல்பு. நின்று பணியாற்றலாம்."

மறுபடியும் படுத்தாள். அதே தீர்ப்பு. மூன்றாம் முறையும் இம்மி பிசகவில்லை.

செண்பகவல்லி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "படுத்தா எனக்கு எங்க ஒழுகுது? நிக்கவச்சுப் பாக்கச் சொல்லும்மா!"

"நின்னா ஒவ்வொரு தடவையும் வேற வேற அளவு வருதாம்க்கா," என்றாள் கட்டிலை இயக்கும் ரெஜினா. "படுத்தாத்தான் மாறாம வருது. அதனால அதைத்தான் நம்பணுமாம்."

"அப்ப பஸ்ல படுத்துக்கிட்டே டிக்கெட் கிழிக்கட்டுமா?"

ரெஜினாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. பாதியில் அதை விழுங்கி, மேசையைப் பிடித்தபடி கால்களை இறுக்கிக்கொண்டாள். முகம் சுண்டிப்போனது.

"சிரிக்க வைக்காதீங்கக்கா," என்றாள், கழிப்பறைப் பக்கம் திரும்பி. "எனக்கும் இயல்புன்னுதான் சொல்லுது."