எட்டாவது எண்ணிக்கை

பூநகரிப் பஸ் தரிப்பிடத்தின் சீமெந்து வாங்கில் முன்பள்ளி ஆசிரியைகள் இருவர் இருக்கிறார்கள். களப்புக் காற்று உப்போடு வீசுகிறது. தேனுகாவுக்கு நாளை சங்கீதச் செய்முறைப் பரீட்சை; சுகிர்தா போன வருடமே அதில் சித்தியடைந்தவள். தேனுகாவின் மடியிலுள்ள தாளில் ‘ஸ ரி க ம’ முடிந்ததும் ஒரு கோடு, ‘ப த’ முடிந்ததும் ஒரு கோடு, ‘நி ஸ’ முடிந்ததும் இரட்டைக் கோடு. தேனுகா பாடிக்கொண்டே ஆதி தாளம் போடுகிறாள். முதலில் தொடையில் ஒரு தட்டு. அடுத்துச் சின்னி விரலையும் மோதிர விரலையும் தொட்டு எண்ணவேண்டிய பெருவிரல், இரண்டிலும் படாமல் வெறும் காற்றை இரண்டு தரம் தொட்டுவிட்டு நடுவிரலுக்கு வருகிறது. “ஏன் காத்தைத் தொடுறீர்?” என்று கேட்கிறாள் சுகிர்தா. “நீங்கள் அப்பிடித்தானே அக்கா காட்டித் தந்தனீங்கள்.” சுகிர்தா தன் வலக்கையை விரித்துப் பார்க்கிறாள். போர்க்காலத்து ஷெல்லடியில் போன இரண்டு விரல்களின் இடத்தினூடாக வெயில் அவள் சேலையில் விழுகிறது. “எனக்கு அதில விரல் இல்லைப் பிள்ளை. உமக்கு இருக்குத்தானே, தொடும்.” தேனுகா தலையாட்டுகிறாள். தூரத்தில் பஸ் இரைகிறது. இருவரும் மறுபடி தொடங்குகிறார்கள். ஒரு பெருவிரல் விரலைத் தொடுகிறது, மற்றது காற்றைத் தொடுகிறது. எட்டாவது எண்ணிக்கையான வீச்சில் இரண்டு கைகளும் ஒன்றாகத் திரும்புகின்றன.