கரண்டு வைக்கிற ரூம்

“ஏங்க, மறைக்காமச் சொல்லுங்க. நம்ம பாப்பாவுக்கு என்ன சீக்கு?”

எந்த மருந்துக்கும் தெளியாமல் கம்மிப்போயிருந்த குரலில் முத்துப்பேச்சி கேட்டாள். திண்டுக்கல்லில் ஏறிய மதுரை பஸ் சின்னாளபட்டியைத் தாண்டியிருந்தது. சுருளிவேல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஒரு சீக்கும் இல்ல புள்ள. அவ நாம போற மதுரை ஆஸ்பத்திரியில வேலை பார்க்குறா.”

“டாக்டருக்கும் படிக்கல, நர்சுக்கும் படிக்கல. யுனிவர்சிட்டியில அப்ளைடு பிசிக்ஸ் படிச்சவளுக்கு ஆஸ்பத்திரியில என்ன வேலை? பக்கத்து வீட்டுக் காதர் பீவி அக்காகூட, ‘உம் மக இன்னும் அப்ளைதான் பண்ணிக்கிட்டிருக்காளா’ன்னு நக்கலடிக்குது.”

“அதுக்கு என்ன தெரியும்.”

“நீங்க போன் பூத்துல பேசுனத நான் கேட்டுட்டேன். ‘கரண்டு வச்சாச் சரியாயிருமா பாப்பா, அம்மாவுக்குத் தெரிய வேணாம்’னு அழுதீங்களே.”

அவர் கையிலிருந்த டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

‘கரண்டு’ என்ற சொல்லே முத்துப்பேச்சிக்குப் போதுமாயிருந்தது. கரண்டு வைக்கிறார்கள் என்றால் புற்றுநோய்தான். ஊரில் யாருக்குத் தெரியாது? மேலத்தெரு அருளப்பனுக்கும் வைத்தார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கனத்த இரும்புக் கதவு. அதன் மேலே எரிந்த சிவப்பு விளக்கு அணைந்ததும் கதவு மெல்ல நகர்ந்தது. கண்ணை மூடிக் கிடந்த ஒருவரைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த புவனேஸ்வரி, பெற்றவர்களைக் கவனிக்காமல் உள்ளே நுழையப் போனாள்.

முத்துப்பேச்சி ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்தாள்.

“உள்ள போவாத தாயி. ஊருக்குப் போயிருவோம்.”

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. யாருக்கு எந்த இடத்துல எம்புட்டுக் கரண்டு வைக்கணும்னு கணக்குப் போடுறதுதான் என் வேலை. நான் படிச்ச பிசிக்ஸ் இதுக்குத்தான்.”

“சத்தியமா?”

“உம் மேல சத்தியமா.” சொன்னவள் அப்பாவைப் பார்த்தாள். “ஏப்பா, இன்னும் அம்மாகிட்டச் சொல்லலையா?”

சுருளிவேல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

புவனேஸ்வரி அம்மாவின் கன்னத்தைத் தொட்டாள். “வாம்மா. இன்னைக்கு உனக்குத்தான் நான் கணக்குப் போடணும்.”

“எனக்கா?” என்றாள் முத்துப்பேச்சி. பஸ் ஏறியதிலிருந்து நடுங்கிக்கொண்டே இருந்த அவள் கை அப்போதுதான் நின்றது.